பன்மொழி வலைப்பதிவு: சிஎம்எஸ்ஸில் மொழிகளை எப்படி அடுக்குவது?

காகிதக்கப்பல்:

எல்லோருக்கும் வணக்கம். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு வலைப்பதிவு கட்டும் வேலையில் இருக்கிறேன். கொஞ்ச காலம் கழித்து அரபும் சேரும். எழுதுகிறவர்கள் வேறு, மொழிபெயர்க்கிறவர்கள் வேறு. இரு தரப்பும் கோட் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள். ஆகவே ஹெட்லெஸ் சிஎம்எஸ் ஒன்று (கட்டுரைகளை மட்டும் வைத்திருந்து, தளத்தின் தோற்றத்தை நம்மிடம் விட்டுவிடும் உள்ளடக்க மேலாண்மைக் கருவி) வேண்டும் என்பது முடிவாகிவிட்டது. முன்பக்கம் (வாசகர் பார்க்கும் தளம்) நெக்ஸ்ட் ஜேஎஸ்ஸா, ஆஸ்ட்ரோவா என்பதில்தான் இழுபறி.

ஸ்ட்ராபி, சானிட்டி, பேலோட் மூன்றையும் நிறுவிப் பார்த்தேன். மூன்றிலும் பல மொழிகளுக்கு வழி இருக்கிறது. ஆனால் உள்ளே போனால் ஒவ்வொன்றும் ஒரு திசையில் இழுக்கிறது. ஒன்றில் ஒவ்வொரு ஃபீல்டுக்குள்ளும் (தலைப்பு, படம் போன்ற கட்டம்) மொழி. இன்னொன்றில் மொழிக்கு ஒரு தனி ஆவணம். எந்தப் பக்கம் சாய்வது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எல்லாக் கட்டுரையும் எல்லா மொழியிலும் இருக்கப்போவதில்லை. சில தமிழில் மட்டும் வரும். சில ஆங்கிலத்தில் வந்து மாதக்கணக்கில் கழித்துத் தமிழுக்கு வரும். ஸ்லக்கை (முகவரியில் கட்டுரையைக் குறிக்கும் துண்டு) தமிழிலேயே வைக்கலாமா என்ற கேள்வியும் பாக்கி இருக்கிறது.


வேகநடை:

நெக்ஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள் சகோ, யோசிக்கவே வேண்டாம். 2020இல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்தே பன்மொழி ரூட்டிங் (எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று பிரிப்பது) அதிலேயே இருக்கிறது. கான்ஃபிக் ஃபைலில் மொழிகளை எழுதி வைத்தால் வேலை முடிந்தது.


பின்கட்டு:

வேகநடை சொல்வது நெக்ஸ்டின் பழைய பேஜஸ் ரவுட்டருக்குத்தான் பொருந்தும். புதிய ஆப் ரவுட்டரில் அந்த கான்ஃபிக் எடுபடாது. மொழியை ஒரு டைனமிக் செக்மென்டாக (முகவரியில் மாறும் பகுதி) ஃபோல்டர் அடுக்கின் உச்சியில் வைத்து, வந்தவரை எந்த மொழிக்கு அனுப்புவது என்பதை மிடில்வேரில் (பக்கம் திறக்கும் முன் ஓடும் கோட்) நாமே எழுத வேண்டும். இல்லையென்றால் நெக்ஸ்ட்-இன்டில் மாதிரி ஒரு லைப்ரரியிடம் விட்டுவிடலாம். (16ஆம் பதிப்பில் மிடில்வேருக்கு பிராக்ஸி என்று பெயரையே மாற்றிவிட்டார்கள். பழைய டுடோரியல்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.) ஆஸ்ட்ரோவில் 2023 டிசம்பரில் வந்த 4ஆம் பதிப்பிலிருந்து ஐ18என் (பன்மொழி) ரூட்டிங் கூடவே வருகிறது.

எதை எடுத்தாலும் ரூட்டிங் சின்ன வேலைதான். முன்பக்கத்தை அடுத்த வருடம் தூக்கிப்போட்டு வேறொன்றில் எழுதினாலும் கட்டுரைகள் அப்படியே இருக்கும். உள்ளடக்க அமைப்பைப் பாதியில் மாற்றினால் ஒவ்வொரு கட்டுரையையும் ஸ்கிரிப்ட் எழுதி இடம்பெயர்க்க வேண்டும், எழுதுகிறவர்களும் புதிதாகப் பழக வேண்டும். அதனால் உங்கள் மூன்றாவது பத்தியிலிருந்து தொடங்குங்கள். "எல்லாக் கட்டுரையும் எல்லா மொழியிலும் இருக்கப்போவதில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது.

ஃபீல்டு வழியில் ஒரு கட்டுரைக்கு ஒரே ஆவணம். தலைப்பு என்ற ஃபீல்டைத் திறந்தால் அதற்குள் தமிழுக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று. கன்டென்ட்ஃபுல்லும் பேலோடும் இப்படி. ஆவண வழியில் மொழிக்கொரு பிரதி, எல்லாவற்றையும் ஒரு பொது அடையாளம் சேர்த்துக் கட்டும். ஸ்ட்ராபி 5இல் ஒரே டாக்குமென்ட் ஐடியின் கீழ் மொழிவாரிப் பிரதிகள் இருக்கும். சானிட்டியில் டாக்குமென்ட் இன்டர்நேஷனலைசேஷன் பிளகின் போட்டால் தனித்தனி ஆவணங்களும், அவற்றையெல்லாம் சுட்டும் ஒரு மெட்டாடேட்டா ஆவணமும் உருவாகும். டைரக்டஸ் மொழிபெயர்ப்புகளைத் தனி டேபிளில் வைத்து உறவு போட்டுக்கொள்கிறது. அது இரண்டுக்கும் நடுவில்.

வலைப்பதிவுக்கு நான் ஆவண வழியின் பக்கம். நல்ல மொழிபெயர்ப்பாளர் வரிக்கு வரி போக மாட்டார். ஒரு பத்தியைச் சேர்ப்பார், ஓர் உதாரணத்தைக் கழற்றிவிடுவார், படத்தை மாற்றுவார். வெளியாகும் நாளும் வேறு. இதெல்லாம் ஒரே ஆவணத்துக்குள் இருந்தால் "வெளியிடு" என்ற பொத்தான் யாருடையது? தமிழ் தயார், ஆங்கிலம் பாதியில் நிற்கிறது, அழுத்தலாமா வேண்டாமா? மொழிவாரியாக வெளியிடும் வசதி சில சிஎம்எஸ்களில் இருக்கிறது. அதை நம்பி அமைப்பைக் கட்டுவதாக இருந்தால், நீங்கள் எடுக்கப்போகும் திட்டத்தில் அது உண்டா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

குறிச்சொற்கள், ஆசிரியர் அறிமுகம், மெனு போன்ற துண்டு துக்கடாக்களுக்கு ஃபீல்டு வழியே போதும். "தொழில்நுட்பம்" என்ற குறிச்சொல்லுக்கு மொழிக்கொரு ஆவணம் வைத்தால் மூன்று மொழிக்கும் அதைக் கட்டி மேய்ப்பதே வேலையாகிவிடும்.


திண்ணைக்காரி:

நான் எதிர்க்கட்சி. ஃபீல்டு வழியை இவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடாதீர்கள்.

மொழிபெயர்ப்பாளருக்கு மூலம் கண் முன்னால் இருக்க வேண்டும். ஃபீல்டு வழியில் அதே திரையில் மொழியை மாற்றினால் மூலம் வந்துவிடும். ஆவண வழியில் இரண்டு டேபைத் திறந்துவைத்து மாறி மாறிப் போகிறார்கள். அப்புறம் அட்டைப்படம், ஆசிரியர், தொடர்புடைய கட்டுரைகள்: இவை எந்த மொழியிலும் ஒன்றுதான். மொழிக்கொரு ஆவணம் என்றால் படத்தை ஆங்கிலத்தில் மாற்றிவிட்டுத் தமிழில் மறந்துவிடுவார்கள். நான் பார்க்கும் தளங்களில் இது வாராவாரம் நடக்கிற கூத்து.

எல்லாவற்றுக்கும் மேல், ஆங்கிலக் கட்டுரையில் ஒரு தகவலைத் திருத்தினால் தமிழ்ப் பிரதி பின்தங்கிவிட்டது என்று யார் சொல்வது? தனித்தனி ஆவணங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாது.

பேலோட் எடுப்பவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. பிளாக்ஸ் அல்லது அரே ஃபீல்டில் (துண்டுகளை வரிசையாக அடுக்கும் ஃபீல்டுகள்) "லோக்கலைஸ்ட்" குறியை எங்கே வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும். வெளிப் பெட்டியில் வைத்தால் ஒவ்வொரு மொழிக்கும் பிளாக் வரிசையே தனி. உள்ளே இருக்கும் ஃபீல்டுகளில் மட்டும் வைத்தால் வரிசை பொது, எழுத்து மட்டும் தனி. இரண்டாவதில், தமிழ்ப் பிரதியில் ஒரு பிளாக்கை நீக்கினால் ஆங்கிலத்திலும் அது போய்விடும்.


பின்கட்டு:

பொதுவான ஃபீல்டுகள் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆவண வழியிலும் அதற்கு மருந்து உண்டு. ஸ்ட்ராபியில் ஒரு ஃபீல்டுக்கு லோக்கலைசேஷனை அணைத்துவைத்தால் எல்லா மொழிப் பிரதிகளிலும் அதே மதிப்பு நிற்கும். அட்டைப்படத்துக்கும் ஆசிரியருக்கும் அப்படி அணைத்துவிடுங்கள். சானிட்டியில் அது கிடையாது. பொதுவானவற்றை வேறோர் ஆவணத்தில் வைத்து அதைச் சுட்ட வேண்டியிருக்கும்.

பின்தங்கிய மொழிபெயர்ப்புக்கு நான் வைப்பது இரண்டே ஃபீல்டு. மூலத்தில் "கடைசிப் பெரிய திருத்தம்" என்று ஒரு தேதி. அதை எழுதுகிறவர் கையால் மாற்ற வேண்டும். மொழிபெயர்ப்பில் "எந்தத் திருத்தம் வரை பார்த்தது" என்று இன்னொரு தேதி. முதல் தேதி இரண்டாவதைவிடப் புதியதாக இருந்தால் அந்தக் கட்டுரை "பின்தங்கியவை" பட்டியலில் தானாக வந்து விழும். சிஎம்எஸ் தானே போட்டுக்கொள்ளும் புதுப்பித்த நேரத்தை இதற்கு எடுக்கக் கூடாது. ஒரு கமாவைத் திருத்தினாலும் அது மாறிவிடும். பட்டியல் முழுக்கச் சிவப்பாக நின்றால் நாலாம் நாள் யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள்.

மூலம் கண் முன்னால் இருக்க வேண்டும் என்பதற்கு மட்டும் என்னிடம் நல்ல பதில் இல்லை. அந்த இடத்தில் உங்கள் கட்சி ஜெயிக்கிறது.


சும்மாஒருவன்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு பாடு எதற்கு? மொழிக்கு ஒரு ஃபோல்டர், அதில் மார்க்டவுன் ஃபைல்கள், கிட்டில் (ஃபைல்களின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கருவி) போட்டுவைத்தால் ஆஸ்ட்ரோவின் கன்டென்ட் கலெக்ஷன்ஸ் எடுத்துக்கொள்ளும். இலவசம், வரலாறும் கையில் இருக்கும்.


திண்ணைக்காரி:

எழுதுகிறவரும் கோட் அடிக்கிறவரும் ஒருவரே என்றால் அதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை, நானும் அதைத்தான் சொல்வேன். காகிதக்கப்பல் முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டார், அவருடைய ஆட்கள் கோட் பக்கம் வராதவர்கள். அவர்களிடம் மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் என்று சொல்லிப் பாருங்கள்.


எழுத்துக்கூட்டி:

ஸ்லக் கேள்வியை யாரும் தொடவில்லை. அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

தமிழ் ஸ்லக் தாராளமாக வைக்கலாம். வாசகர் பேசும் மொழியின் சொற்களை யூஆர்எல்லில் வைக்கச் சொல்லி கூகுளின் வழிகாட்டியே சொல்கிறது. உலாவியின் முகவரிப் பட்டையிலும் அழகாகத் தமிழில் தெரியும். நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டும்போதுதான் சதவீதக் குறிகளாக வெடிக்கும். யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 எழுத்து. "தமிழ்" என்பதில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என 5 குறிகள். ஆக 15 பைட், 45 எழுத்து. ஏழெட்டுச் சொல் கொண்ட தலைப்பை அப்படியே ஸ்லக்காக்கினால் இணைப்பு ஒரு பத்தி நீளம் ஓடும். தலைப்பு எப்படி இருந்தாலும் ஸ்லக்கை இரண்டு மூன்று சொல்லோடு நிறுத்துங்கள்.

நீளமாவது கண்ணுக்குத் தெரிகிற தொல்லை. ஸ்லக் தயாரிக்கும் ஃபங்ஷன் சத்தமில்லாமல் கெடுக்கும். ஆங்கிலத்தை மட்டும் நினைத்து எழுதியவை தமிழை முழுக்கத் துடைத்துவிட்டு வெற்று ஸ்லக்கைக் கொடுக்கும். அது பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். "யூனிகோடை ஆதரிக்கிறோம்" என்று சொல்லிக்கொள்பவைதான் ஆபத்து. ரெஜெக்ஸில் (எழுத்துகளை வடிகட்டும் விதி) எழுத்து வகையை மட்டும் அனுமதித்திருப்பார்கள். கொக்கி, கொம்பு, கால், புள்ளி எல்லாம் யூனிகோடில் எழுத்து வகையில் வராது, குறி வகையில் வரும். அவை உதிர்ந்து "தமிழ்" என்பது "தமழ" ஆகிவிடும். தமிழ் தெரியாத டெவலப்பர் பார்த்தால் தமிழ் மாதிரியேதான் இருக்கும். ரெஜெக்ஸில் குறி வகையையும் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும்.

அடுத்தது, "கொ" என்பதை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகப் போட்டால் 2 குறி. ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக வந்தால் 3 குறி. திரையில் துளி வித்தியாசம் தெரியாது. சிஎம்எஸ்ஸில் ஒரு விதமாகவும் இணைப்பில் இன்னொரு விதமாகவும் இருந்தால் பக்கம் 404 காட்டும், நீங்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி என்ற யூனிகோடின் ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

நெக்ஸ்ட் ஆப் ரவுட்டரில் பக்கத்துக்கு வந்து சேரும் ஸ்லக் சதவீதக் குறிகளோடேயே வரும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். டீகோட் செய்து, என்எஃப்சி ஆக்கி, அப்புறம் சிஎம்எஸ்ஸிடம் கேளுங்கள்.


காகிதக்கப்பல்:

"தமழ" என்பதைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் என் ஃபங்ஷனில் சோதித்தேன். அதேதான் வருகிறது! நன்றி எழுத்துக்கூட்டி.

பின்கட்டு, திண்ணைக்காரி இருவர் சொன்னதையும் வைத்து ஸ்ட்ராபி, மொழிக்கொரு பிரதி, படமும் ஆசிரியரும் பொது என்று முடிவு செய்திருக்கிறேன். இப்போது அடுத்த சிக்கல். தமிழில் இல்லாத கட்டுரையின் தமிழ் முகவரிக்கு யாராவது வந்தால் ஆங்கிலத்தையே காட்டிவிடலாமா? சிஎம்எஸ்களில் ஃபால்பேக் என்று ஒரு வசதி பார்த்தேன்.


விளக்குத்தூண்:

கட்டுரைக்கு ஃபால்பேக் வேண்டவே வேண்டாம். பொத்தான், மெனு, தேதி மாதிரியான இடைமுகச் சொற்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் முகவரியில் ஆங்கிலக் கட்டுரை நின்றால் என்ன ஆகும் என்று பாருங்கள். பக்கத்தின் லேங் பண்பு தமிழ் என்று சொல்லும், உள்ளே ஆங்கிலம். திரைபடிப்பான் தமிழ்க் குரலில் ஆங்கிலத்தை வாசிக்க முயலும். தேடுபொறிக்கு ஒரே கட்டுரை இரண்டு முகவரியில் கிடைக்கும். தமிழ்ப் பட்டியலில் சொடுக்கி வந்தவருக்கு ஏமாற்றம். அதற்குப் பதில், அந்தக் கட்டுரையைத் தமிழ்ப் பட்டியலில் சேர்க்காதீர்கள். சேர்த்தே ஆக வேண்டும் என்றால் "ஆங்கிலத்தில்" என்று ஒரு சீட்டு ஒட்டி நேராக ஆங்கில முகவரிக்கே இணைப்புக் கொடுங்கள்.

எச்ரெஃப்லாங்கும் (ஒரு பக்கத்தின் பிற மொழிப் பிரதிகள் எங்கே என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி) இதே கதைதான். கூகுள் இதை 2011இலிருந்து ஆதரிக்கிறது. ஆனாலும் பாதித் தளங்களில் தப்பாகவே இருக்கும் என்பது என் அனுபவம். தமிழ்ப் பக்கம் ஆங்கிலப் பக்கத்தைச் சுட்டினால் ஆங்கிலப் பக்கமும் திரும்பத் தமிழைச் சுட்ட வேண்டும், இல்லாவிட்டால் கூகுள் கண்டுகொள்ளாது. ஒவ்வொரு பக்கமும் தன்னையும் சேர்த்துப் பட்டியலிட வேண்டும். ஸ்லக் மொழிக்கு மொழி வேறு என்பதால் முகவரியில் மொழிக் குறியீட்டை மட்டும் மாற்றி ஒட்டும் குறுக்குவழி உங்களுக்கு உதவாது. டாக்குமென்ட் ஐடியை வைத்து, "இந்தக் கட்டுரைக்கு வெளியாகியிருக்கும் பிரதிகள் என்னென்ன, அவற்றின் முகவரி என்ன" என்று சொல்லும் ஒரே ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். எச்ரெஃப்லாங், சைட்மேப், மொழி மாற்றும் பொத்தான் மூன்றும் அதையே கேட்கட்டும். மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதினால் ஏதாவது ஒன்று வெளியாகாத வரைவைச் சுட்டிக்கொண்டு நிற்கும்.

இன்னொன்று: உலாவி தன் மொழி விருப்பத்தைச் சொல்லி அனுப்பும் அக்செப்ட்-லாங்குவேஜ் ஹெட்டரை வைத்து ஆளைத் தானாகத் திருப்பிவிடும் வேலையை முகப்புப் பக்கத்தோடு நிறுத்துங்கள். தமிழ் படிக்கிறவர்களில் நிறையப் பேர் போனை ஆங்கிலத்தில்தான் வைத்திருப்பார்கள். நண்பர் அனுப்பிய தமிழ்க் கட்டுரையின் இணைப்பைத் தொட்டால் ஆங்கிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிற தளத்துக்கு யார் திரும்ப வருவார்? கூகுளின் கிராலர் அந்த ஹெட்டரை அனுப்புவதும் இல்லை. கண்டபடி திருப்பிவிட்டால் சில மொழிப் பக்கங்கள் அதன் கண்ணிலேயே படாமல் போகலாம்.


காகிதக்கப்பல்:

அந்த ஒரே ஃபங்ஷன் யோசனை பிடித்திருக்கிறது. ஆனால் நெக்ஸ்டில் மொழி மாற்றும் பொத்தான் லேஅவுட்டில் (எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான சட்டகம்), தலைப்பகுதியில் இருக்கிறது. லேஅவுட்டுக்கு இப்போது எந்தக் கட்டுரை திறந்திருக்கிறது என்று தெரியவில்லையே? பக்கத்திலிருந்து மேலே எப்படித் தகவல் அனுப்புவது?


பின்கட்டு:

அனுப்ப முடியாது. ஆப் ரவுட்டரில் லேஅவுட் வெளியே, பக்கம் உள்ளே. பக்கம் எடுத்த தரவு லேஅவுட்டுக்கு ஏறாது. ஆஸ்ட்ரோவில் தலைகீழ்: பக்கம்தான் லேஅவுட்டைக் கூப்பிடுகிறது, அதனால் மொழிபெயர்ப்புப் பட்டியலை ஒரு பிராப்பாகக் கொடுத்தால் முடிந்தது. பன்மொழி வலைப்பதிவுக்கு ஆஸ்ட்ரோ எனக்குக் கைக்கு அடக்கமாகத் தெரிவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

நெக்ஸ்டிலேயே இருப்பதென்றால், கட்டுரைப் பக்கங்களுக்கு மட்டும் பொத்தானை லேஅவுட்டிலிருந்து எடுத்துக் கட்டுரைத் தலைப்புக்குக் கீழே வையுங்கள். "இக்கட்டுரை ஆங்கிலத்திலும் உண்டு" என்று ஒரு வரி. தலைப்பகுதியில் இருக்கும் பொத்தான் அந்தந்த மொழியின் முகப்புக்கு மட்டும் போகட்டும். பேரலல் ரூட் வைத்துத் தலைப்பகுதியிலேயே நிரப்பவும் முடியும். ஆனால் ஒரு பொத்தானுக்காக அவ்வளவு தூரம் போக எனக்கு மனசு வராது.


திண்ணைக்காரி:

அந்த ஒரு வரி வாசகருக்கும் நல்லது. தலைப்பகுதியில் இருக்கும் உலக உருண்டை ஐகானை யாரும் தொடுவதில்லை.

அரபு பின்னால் வரும் என்றீர்களே, அதற்கான வேலையை இப்போதே பாதி செய்துவிடலாம். சிஎஸ்எஸ்ஸில் இடது மார்ஜின், வலது பேடிங் என்று எழுதாமல், தொடக்கப் பக்கம், முடிவுப் பக்கம் என்று இன்லைன் லாஜிக்கல் பண்புகளாகவே எழுதிவிடுங்கள். அரபு வரும் நாளில் எச்டிஎம்எல்லில் டிர் பண்பை வலமிருந்து இடம் என்று மாற்றினால் முக்கால்வாசி தானே திரும்பிக்கொள்ளும். அரபுப் பத்திக்கு நடுவே வரும் கோட் துண்டுகளுக்கு மட்டும் இடமிருந்து வலம் என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

"3 கருத்துகள்" மாதிரியான இடங்களில் ஒருமை பன்மையை இஃப் போட்டு எழுதாதீர்கள். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இரண்டு வடிவம் போதும், அரபுக்கு ஆறு. ஜாவாஸ்கிரிப்டின் இன்டில் ப்ளூரல்ரூல்ஸ் எந்த எண்ணுக்கு எந்த வடிவம் என்று சொல்லிவிடும்.


எழுத்துக்கூட்டி:

முன்னோட்ட வரிகளை 150 எழுத்தில் வெட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜாவாஸ்கிரிப்டின் ஸ்லைஸ் நடு எழுத்தில் வெட்டும். கடைசி "ழ்" புள்ளி இழந்து "ழ" என்று நிற்கும். சொல் எல்லையில் வெட்டுங்கள். எழுத்துக் கணக்கே வேண்டும் என்றால் இன்டில் செக்மென்டர் இருக்கிறது. பகிரும்போது வரும் படத்தைக் கோட் மூலம் உருவாக்குவதாக இருந்தால் "கெ", "கொ" இரண்டையும் தலைப்பில் போட்டுப் பார்த்துவிட்டு வெளியிடுங்கள். கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றால் அந்தக் கருவிக்குத் தமிழைக் கோக்கத் தெரியவில்லை என்று அர்த்தம்.


காகிதக்கப்பல்:

ஆஸ்ட்ரோவுக்கே மாறிவிட்டேன். பொத்தான் வேலை செய்கிறது, ஸ்லக் சரியாகிவிட்டது. தேடலுக்குத் தனி சர்வர் வைக்க விருப்பமில்லை. மொழி கலக்காமல் தேட ஏதாவது வழி உண்டா?


விளக்குத்தூண்:

பேஜ்ஃபைண்ட் பாருங்கள். பில்ட் முடிந்ததும் எச்டிஎம்எல் ஃபைல்களைப் படித்து, லேங் பண்பை வைத்து மொழிக்கொரு இன்டெக்ஸ் தானே போட்டுக்கொள்ளும். தமிழ்ப் பக்கத்திலிருந்து தேடினால் தமிழ் இன்டெக்ஸ் மட்டும்தான் இறங்கும். பக்கங்களில் லேங் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்எஸ்எஸ் ஃபீடையும் மொழிக்கு ஒன்றாகப் பிரித்துவிடுங்கள், தமிழ் மட்டும் படிக்கிறவருக்கு ஆங்கிலம் போய் விழ வேண்டாம்.